கிளீனர் பக்கக் கண்ணாடி

பிப்ரவரி 6

அண்ணாவுக்கு,

நானும் இவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அண்ணியும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடும். நீ பாதியில் வைத்துவிடுவாய், நான் திரும்பக் கூப்பிட்டுத் திட்டுவேன். இது பெரிய விஷயம், அதனால்தான் காகிதம்.

சலவை ஆலையை மூடிவிட்டார்கள். காலை ஷிப்டுக்குப் போனால் கேட்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஊரில் உள்ள ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு எல்லாம் எங்கள் கை பட்டுத்தான் வெள்ளையானது. யார் ரத்தம், யார் வாந்தி என்று முகம் சுளித்தோமா? எங்களை அனுப்புவதற்கு அவர்களுக்கு ஒரு தாள் போதுமாக இருந்தது. அதிலும் ஒட்டுவதற்குப் பசை சரியாகப் போடவில்லை, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

'விரிப்பு மடிச்சே புருஷனைப் பிடிச்சவ' என்று நீ என்னைக் கேலி செய்வாய். உண்மைதான். சூடான உருளையிலிருந்து விரிப்பு வெளியே வரும்போது ஒரு ஓரத்தை நான் பிடிப்பேன், மறு ஓரத்தை இவர் பிடிப்பார். என் ஓரம் எனக்கு, அவர் ஓரம் அவருக்கு. அடுத்தவர் ஓரத்தை எட்டிப் பார்த்தால் துணி கோணிக்கொள்ளும், கையும் வெந்துபோகும். வருடக்கணக்காக அப்படியே பழகிவிட்டோம்.

இப்போது ஒரு சரக்குக் கம்பெனி, லாரி ஓட்டக் கணவன் மனைவியாக ஆள் எடுக்கிறது. நெடுந்தூர வண்டி. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் கேபினுக்குப் பின்னால் உள்ள படுக்கையில் தூங்க வேண்டும். இரண்டு பேருமே ஹெவி லைசென்ஸை ஜூன் கடைசிக்குள் காட்ட வேண்டும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் வேலை கிடையாது. இது கைகூடாவிட்டால் இவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போவார், நான் இங்கே வீடு வீடாகத் துணி துவைப்பேன். எப்போதாவது முகம் பார்த்துக்கொள்ளும் குடித்தனம் எனக்கு வேண்டாம்.

கையில் இருப்பது கொஞ்சம். அதற்குள் இரண்டு பேரும் கற்க வேண்டும். நீ லாரிக்காரன். எந்த மாதிரிப் பள்ளியில் சேரலாம், எதைக் கண்டு ஏமாறக் கூடாது என்று சொல்.

அண்ணியின் முட்டி வலிக்கு என் விசாரிப்பு.

உன் தங்கை


பிப்ரவரி 17

வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். உன் அண்ணியின் முட்டி வழக்கம்போலப் புலம்புகிறது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

வேண்டாம்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்திருப்பேன். ஆனால் சொன்னால் கேட்கிற ரகமா நீ? லாரி என்பது மனிதனை இடுப்புக்குக் கீழிருந்து தின்கிற சாமான். ஆம்பளைக்கே ஒதுங்க இடம் கிடைக்காத ரோடு அது. லோடு ஏற்றுகிறவன் முதல் செக்போஸ்ட்காரன் வரைக்கும் வண்டியைத்தான் கேட்பான், ஓட்டுகிறவனைக் கேட்க மாட்டான். மாப்பிள்ளை வேண்டுமானால் கற்றுக்கொள்ளட்டும்.

எப்படியும் நீ போகத்தான் போகிறாய், அதனால் சொல்லிவைக்கிறேன். பள்ளிக்கூடத்தின் கட்டிடத்தைப் பார்க்காதே, வண்டியைப் பார். ஒரு வண்டிக்கு எத்தனை பேர், ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஸ்டியரிங் உன் கையில் இருக்கும் என்று கேள். மழுப்பினால் எழுந்து வா. 'இலவசம்' என்றாலும் எழுந்து வா. வேலை தருகிறோம், சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறோம் என்று கையெழுத்து வாங்குவார்கள். அது மூக்கணாங்கயிறு.

என் வண்டி நன்றாக ஓடுகிறது.

அண்ணன்


மார்ச் 3

அண்ணாவுக்கு,

எல்லாரும் சுகமா என்று கேட்டுவிட்டு நேரே சண்டைக்கு வருகிறேன். 'மாப்பிள்ளை வேண்டுமானால்' என்று எழுதினாயே, அந்த வரியை இவரிடம் படித்துக் காட்டினேன். "உங்க அண்ணன் பாவம், உன்னைப் பத்தித் தெரிஞ்சும் எழுதியிருக்காரு" என்றார்.

நீ சொன்ன கேள்விகளோடு போனோம். முதல் பள்ளிக்குக் கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. சுவரில் புது லாரி முன்னால் ஒரு ஜோடி பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிற படம். ஜோடிக்குத் தனிச் சலுகை உண்டாம். கவுன்டரில் இருந்த பெண்ணிடம், ஸ்டியரிங் என் கையில் எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டேன்.

"சார்தான் ஓட்டுவாங்க மேடம். நீங்க கூட உட்கார்ந்து பார்த்துக்கலாம். அதான் இந்த ரேட்டு."

"பார்த்தா லைசென்ஸ் கொடுப்பாங்களா?"

"அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம் மேடம்."

நாளைக்கு எவன் மேலாவது வண்டியை ஏற்றினால் அதையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களா? எழுந்து வந்துவிட்டோம். ஏழைக்குச் சலுகை என்றால் பாதிச் சாமானை எடுத்துவிட்டுக் கொடுப்பது என்று இவர்கள் எல்லாரும் கூடிப் பேசி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, பழைய இரும்புச் சந்தைக்குப் பின்னால் ஒரு மண் மைதானம். ஒரே ஒரு லாரி, அதற்கும் என் வயது இருக்கும். தகரக் கொட்டகை, நான்கு நாற்காலி, அதில் ஒன்றுக்கு மூன்று கால். சொல்லிக்கொடுக்கிறவரை எல்லாரும் 'பிரேக் மாஸ்டர்' என்கிறார்கள். தன் பக்கம் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு எதற்கெடுத்தாலும் மிதித்துவிடுவாராம். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். "மொத்தம் ஆறு பேரு. உன் முறை வந்தா உன் கையிலதான். அழுதாலும் இறக்கி விட மாட்டேன்" என்றார். வாரா வாரம் கட்டினால் போதும். சேர்ந்துவிட்டோம்.

எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறாய்? போன வருடம் வரைக்கும் ஒவ்வொரு ஊரைப் பற்றியும் நாலு வரி எழுதுவாய்.

உன் தங்கை


மார்ச் 14

வாயாடிக்கு,

இரண்டு பேரும் சேர்ந்தது அறிந்தேன். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. பழைய வண்டிதான் நல்லது. அதில் ஓட்டினால் எதிலும் ஓட்டலாம்.

முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்ளாதே, பழகிவிடும். நிறுத்துகிற இடத்தில் எல்லாம் இறங்கி நட. செருப்பு கடித்தால் அன்றைக்கே மாற்று, நாளைக்கு என்று விடாதே. காலில் சின்னக் காயம் என்றாலும் அலட்சியம் செய்யாதே. மாப்பிள்ளையிடமும் சொல்.

ஊர்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? எல்லா ரோடும் தார்தான்.

அண்ணன்


ஏப்ரல் 12

அண்ணாவுக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். உள்ளங்கை மட்டும் காய்த்துவிட்டது. உன் கடிதம் என்ன, செருப்புக்கடை விளம்பரமா? முக்கால்வாசி காலைப் பற்றியே இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் நலம்தானே?

முதல் வாரம் மாஸ்டர் என்னிடம், "யம்மா, அது ஸ்டியரிங். துணி பிழியிற மாதிரி பிழியாதே, வலிக்கும் அதுக்கு" என்றார். இரண்டாவது வாரம் அவர் கால் பிரேக்குக்குப் போகவில்லை. மூன்றாவது வாரம் டீ வாங்கிக் கொடுத்தார். கியர் மாற்றும்போது வண்டி ஒரு பெருமூச்சு விட்டு இழுக்கிறதே அண்ணா, அதை நீ எனக்கு ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை?

தெருவில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. இஸ்திரிக் கடைக்காரர், "பொம்பளை லாரி ஓட்டினா ரோட்டோரத்துல இருக்கிற எங்களுக்கெல்லாம் இன்சூரன்ஸ் யாரு எடுப்பா?" என்றார். "உங்க தொந்தியே பம்பர் மாதிரி இருக்கு, பயப்படாதீங்க" என்றேன்.

கஷ்டம் ரிவர்ஸ்தான். இரும்புப் பீப்பாய்களை இரண்டு வரிசையாக வைத்திருக்கிறார்கள். நடுவில் பின்பக்கமாகவே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டோம். இவர் ஓட்டும்போது நான் மாஸ்டரைத் தாண்டிக் கிளீனர் பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து என் பக்கக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். 'விடு, விடு, கொஞ்சம் ஒடி, போதும்.' இவர் தன் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொள்வார். விரிப்பு மடிக்கிற மாதிரியே. நான் ஓட்டும்போது இவர் வாயைத் திறப்பதில்லை, அது பிறவிக் குணம். மாஸ்டர் எங்களைக் காட்டி, "பாருங்கடா, நாலு கண்ணு வச்ச டிரைவர்" என்று மற்றவர்களிடம் சொன்னார்.

மே முதல் வாரம் டெஸ்ட். அதற்குள் பதில் போடு. ரிவர்ஸுக்கு ஏதாவது சூட்சுமம் இருந்தால் மறைக்காதே.

உன் தங்கை


மே 9

அண்ணாவுக்கு,

நீங்கள் சுகமா? நிஜமாகவே கேட்கிறேன். ஏப்ரலில் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. போன் செய்தால் அண்ணி எடுத்து, நீ லோடு ஏற்றப் போயிருப்பதாகச் சொல்லி வைத்துவிடுகிறார்.

நான் பாஸ். இவர் ஃபெயில்.

ரோட்டில் இவர்தான் என்னைவிட நன்றாக ஓட்டினார். ரிவர்ஸில் போய்விட்டது. டெஸ்டில் அதிகாரி மட்டும்தான் பக்கத்தில் உட்காருவார், நான் வெளியே கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றேன். இவர் தன் பக்கக் கண்ணாடியை மட்டுமே பார்த்துக்கொண்டு பின்னால் வருகிறார். கிளீனர் பக்கம் தலை திரும்பவே இல்லை. அங்கே நான் உட்கார்ந்து சொல்வேன் என்று அவர் கழுத்துக்குப் பழகிவிட்டது. நான் கத்துவதற்குள் மூன்று பீப்பாய் உருண்டுவிட்டது. "அந்தப் பக்கம் யாரு பார்ப்பா, உங்க மாமியாரா?" என்று அதிகாரி கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அண்ணா, குற்றம் என் வாயில் இருக்கிறது. நான் ஓட்டும்போது இவர் பேசாததால் இரண்டு பக்கமும் நானே பார்த்துக் கற்றுக்கொண்டேன். இவர் ஓட்டும்போது நான் பேசிப் பேசி, இவருக்கு ஒரு கண்ணைக் கட்டிவிட்டேன்.

இவர் என்னிடம் கோபப்படவில்லை, அதுதான் தாங்கவில்லை. "ஃபீஸ் இனி எதுக்கு, நான் துறைமுகத்துக்குப் போறேன். நீ லைசென்ஸை வச்சு ஏதாவது வேலை பாரு" என்கிறார். ஜூன் கடைசியில் இன்னொரு டெஸ்ட் இருக்கிறது. அதில் விட்டால் வேலை போச்சு. துறைமுகத்துக்கு ஆள் பிடிக்கிறவன் இப்போதே வீட்டு வாசலில் வந்து நிற்கிறான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உன் கடிதங்களில் முன்னெல்லாம் ஒவ்வொரு ஊர் முத்திரை இருக்கும். இப்போது எல்லாம் உன் ஊர் முத்திரையோடுதான் வருகின்றன. ஓடுகிற லாரிக்காரன் எப்படி எப்போதும் வீட்டிலேயே இருக்கிறான்?

உன் தங்கை


மே 17

வாயாடிக்கு,

பதில் தாமதம். இங்கே எல்லாரும் தேவலை. மாப்பிள்ளையைத் துறைமுகத்துக்கு விடாதே.

டிரைவர் பக்கக் கண்ணாடியைத் துணியால் மூடிக் கட்டு. முழுக்க. அப்போது அவருக்குக் கிளீனர் பக்கக் கண்ணாடி ஒன்றுதான் இருக்கும், பார்த்தே ஆக வேண்டும். நிதானமாக, மைதானத்தில் மட்டும், யாரும் குறுக்கே வராமல். சந்தேகம் வந்தால் நிறுத்தட்டும், இறங்கிப் பார்த்துவிட்டு ஏறட்டும். அதில் வெட்கம் இல்லை. கழுத்து தானாகத் திரும்புகிற வரைக்கும் செய்யட்டும். அதற்கப்புறம் துணியை அவிழ்.

நீ அந்த வண்டியில் ஏறக் கூடாது. மைதானத்தில் நின்றால் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் கஷ்டமான பாகம்.

அண்ணன்


மே 18

நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் மனம் தளராமல் இருக்க வேண்டும். என் முட்டிக்கு ஒன்றுமில்லை, அதை விடு. உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், நீயும் காட்டிக்கொள்ளாதே.

அவர் வண்டியை விட்டு இறங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது. சர்க்கரை. காலில் செருப்பு கடித்த புண்ணோடு, லோடு அவசரம் என்று நிறுத்த விடாமல் ஓட்டச் சொன்னார்கள், ஓட்டினார். புண் ஆறவில்லை. அப்புறம் டாக்டர் ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். கம்பெனி சாவியை வாங்கிக்கொண்டு, "பார்த்துப் போங்க" என்றது. அவ்வளவுதான். இப்போது ஒரு சரக்குக் கிடங்கின் கேட்டில் காவலுக்கு உட்கார்ந்து, வருகிற லாரிகளுக்குக் கதவு திறக்கிறார். ஏப்ரலில் இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. உன் கடிதம் வந்தபோது ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

தங்கச்சிக்குச் சொல்லலாமே என்றேன். "நான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்னு ஒருத்தியாவது நினைச்சுக்கிட்டு இருக்கட்டும்" என்றார்.

உன் வீட்டுக்காரர் பீப்பாயில் இடித்ததைப் படித்தபோது கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "கண்ணாடி! கண்ணாடி!" என்று கத்தினார். நான் முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மாதக்கணக்கில் அவர் இப்படிக் கத்தி நான் கேட்கவில்லை. அதனால் நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

அண்ணி


ஜூன் 11

அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீ நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்க வேண்டும் என்று அண்ணியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். போன கடிதத்தில் முத்திரையைப் பற்றி ஏதோ கேட்டேன். அதை விடு. எல்லா ஊர் தபாலும் ஒன்றுதான்.

முதல் நாள் கண்ணாடியில் துணி கட்டியிருந்ததைப் பார்த்து மாஸ்டர் எகிறினார்.

"என் வண்டிக்கு எவன்யா முக்காடு போட்டது?"

"எங்க அண்ணன் சொன்னாரு மாஸ்டர்."

"அவரு யாரு, கண் டாக்டரா?"

"லாரி டிரைவர்."

"இப்ப எங்க?"

"ஓட்டிக்கிட்டுத்தான் இருக்காரு."

மாஸ்டர் துணியை இழுத்துப் பார்த்தார். பிறகு முடிச்சை அவரே இறுக்கினார்.

இவர் தினமும் இரும்புச் சந்தையில் பாதி நாள் தகரம் அடுக்கப் போகிறார், அதற்குக் கூலியாக அவர்கள் கொடுக்கிற டீசல்தான் மாஸ்டருக்கு எங்கள் ஃபீஸ். பேசி முடித்தது நான். துறைமுகத்துக்காரனை அனுப்பியதும் நான்தான். "ஆள் வேணும்னா என்னைக் கூட்டிட்டுப் போ, இவரைவிட அதிகமாத் தூக்குவேன்" என்றேன். அதற்கப்புறம் வரவில்லை.

முதல் வாரம் ஒரு பீப்பாயும் மிஞ்சவில்லை. நான் கொட்டகை ஓரம் துண்டை வாயில் கடித்துக்கொண்டு நின்றேன். "நீ கத்தும்போதுகூட எனக்குப் பயமில்லை. சும்மா நின்னியே, அதுதான் குலை நடுங்குச்சு" என்றார் இவர். நிறுத்துவார், இறங்குவார், வண்டியைச் சுற்றிப் போய்ப் பார்ப்பார், மறுபடி ஏறுவார். கூடப் படிக்கிறவர்கள் கோயில் சுற்றுகிறார் என்று கேலி செய்தார்கள். நேற்று ஒரு பீப்பாயும் அசையவில்லை. இறங்கி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பக்கமும் வண்டி இவ்வளவு நீளம் இருக்குன்னு இப்பதான் தெரியுது" என்றார்.

இருபத்தாறாம் தேதி டெஸ்ட்.

உன் தங்கை


ஜூலை 4

அண்ணாவுக்கு,

சுகம், சுகம், இரண்டு தடவை சுகம். இவரும் பாஸ்!

அதே அதிகாரி. இவர் ரிவர்ஸில் பாதியில் நிறுத்தி இறங்கினார். நான் துண்டை வாயில் திணித்துக்கொண்டேன். சுற்றிப் பார்த்துவிட்டு ஏறி, நேராகக் கொண்டுபோய் நிறுத்தினார். "ஏன்யா இறங்கின?" என்று அதிகாரி கேட்டாராம். "சந்தேகம் வந்துச்சு சார்." "வராதவன்தான் இடிக்கிறான்" என்று கையெழுத்துப் போட்டாராம்.

கம்பெனியில் வேலைக்குச் சேரும்போது, கேள்வி ஏதாவது இருக்கிறதா என்று மேனேஜர் கேட்டார். "ஓட்டுறவங்க கால்ல புண்ணு வந்தா வண்டியை நிறுத்தலாமா?" என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "நிறுத்துவோம். இப்பவே சொல்லிட்டோம், அப்புறம் சொல்லலைன்னு சொல்லக் கூடாது" என்றேன். இவர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். பிறகு அவரே, "ஆமா சார், நிறுத்துவோம்" என்றார். இவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக வந்ததே அதிசயம்.

அண்ணியைத் திட்டாதே. எனக்கு மே மாதத்திலிருந்தே எல்லாம் தெரியும். நீ உட்கார்ந்திருக்கிற கிடங்குக்கு எங்கள் கம்பெனி சரக்கும் வருகிறது. அந்த டிரிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பதினைந்தாம் தேதி காலை வருவோம். நான்தான் ஓட்டி வருவேன். ரிவர்ஸ் எடுக்கும்போது நீ கை காட்டக் கூடாது, கத்தக் கூடாது.

உன் தங்கை


ஜூலை 19

டிரைவரம்மாவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்ததும் இரண்டு பேர் உடம்பும் எப்படி இருக்கிறது என்று எழுது. என் கால் ஆறி வருகிறது. இதை முதன்முதலாக உனக்கு எழுதுகிறேன். உன் அண்ணியைத் திட்டினேன், பிறகு அவள் திட்டினாள், கணக்கு நேராகிவிட்டது.

நீ வந்தபோது டீ குடித்தோம், அண்ணியைப் பற்றிப் பேசினோம், டயரைப் பற்றிப் பேசினோம். மற்றதை நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்தால் வராது. அதனால் எழுதுகிறேன்.

உன் லாரி திருப்பத்தில் தெரிந்தபோதே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எங்கள் சூப்பர்வைசர் உன் கேபினை எட்டிப் பார்த்து, "டிரைவர் எங்கம்மா?" என்றான். "கண்ணு முன்னாலதானே உட்கார்ந்திருக்கேன், தெரியலையா?" என்றாய். அவன் என்னைப் பார்த்தான். "என் தங்கச்சி" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

சரக்கு இறக்கும் மேடைக்கு ரிவர்ஸ் எடுக்கிற இடம் குறுகல். பெரிய பெரிய டிரைவர்கள் அங்கே வேர்த்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நீ சொன்னபடி நான் கத்தவில்லை. ஆனால் கை காட்டினேன். பழக்கதோஷம், கை கேட்கவில்லை. நீ என்னைப் பார்க்கவே இல்லை. அந்தக் கண்ணாடி, இந்தக் கண்ணாடி, அந்தக் கண்ணாடி. கொஞ்ச நேரத்தில் கையை இறக்கிவிட்டேன். யாருக்குக் காட்டுகிறோம் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

பிப்ரவரியில் வேண்டாம் என்று எழுதினேன். என் காலை வைத்துக்கொண்டு உன் ரோட்டை அளந்துவிட்டேன். தனியாக ஓட்டினவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வண்டியை நிறுத்தியதும் நீ இறங்கிச் சரக்குச் சீட்டோடு போய்விட்டாய். நான் கேபினில் ஏறிப் பின்னால் உள்ள படுக்கையை எட்டிப் பார்த்தேன்; மாப்பிள்ளை நல்ல தூக்கத்தில் இருந்தார். ஓடுகிற லாரியில் வேறு எவன் ஸ்டியரிங் பிடித்தாலும் நான் கண்ணை மூடினதில்லை. மூடினாலும் கால் பிரேக்கைத் தேடும். மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினார். "வாங்க மச்சான், எந்த ஊரு இது?" என்றார். தலையணை மடிப்பு கன்னத்தில் அப்படியே பதிந்திருந்தது.

அண்ணன்